நாற்பத்தெட்டு அங்குலம்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையிலிருந்து விடுமுறை மலருக்குக் கதை கேட்டார்கள். "சின்ன வயசுல குடும்பத்தோட போன டூர் பத்தி ஜாலியா ஏதாவது எழுதுங்க மேடம்" என்றார் உதவி ஆசிரியர். சரி என்று தலையாட்டிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சின்ன வயதில் நாங்கள் குடும்பத்தோடு போன டூர் ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஜாலி அரை நாள்தான் இருந்தது.

கதையில் வரும் எட்டு வயதுப் பெண் நான்தான். இருந்தாலும் 'அவள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் இரண்டாவது பாராவிலேயே எனக்கு நானே வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவேன். அடுத்தவள் என்றால் அவ்வளவு இரக்கம் வராது.

2

முதல் ஆரம்பம்: "பூங்காவின் வாசலில் ஆள் உயரக் கரடி வேஷம் ஒன்று கையசைத்து வரவே..."

[வேண்டாம். கரடிக்கு இப்போது என்ன அவசரம்? பிறகு வரட்டும்.]

இரண்டாவது ஆரம்பம்: "அன்று காலை வானம் தெளிவாக இருந்தது."

[ஆரம்பிக்கத் தெரியாதவர்கள்தான் வானத்தில் ஆரம்பிப்பார்கள். அன்று வானத்தை யார் பார்த்தது?]

மூன்றாவது: அவள் அப்பா ஒரு டெய்லர்.

இது நிற்கும். அவள் அப்பா ஒரு டெய்லர், பள்ளிச் சீருடை தைப்பவர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, டேப்பை வைத்து அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்வார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அம்மா அளவு நோட்டில் எழுதிக்கொள்வாள். வளர்கிற பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலம் கூட்டித்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். எல்லா டெய்லரும் இதை வெட்டும்போது கணக்கில் வைத்துக்கொள்வார்கள். அவள் அப்பா வாயிலேயே கூட்டிவிடுவார். டேப்பில் இருபத்திரண்டு இருந்தால் "இருபத்திநாலு!" என்று சொல்வார். அம்மாவும் அதையே எழுதுவாள். இருபது வருடமாக அந்தக் கடையில் எந்தப் பிள்ளைக்கும் சொந்த அளவு தெரிந்ததில்லை.

அந்த வருடம் சீருடை வேலை சீக்கிரம் முடிந்தது. பெரிய கேளிக்கைப் பூங்கா, அதற்குள்ளேயே தங்கும் ரிசார்ட், இரண்டு நாள் என்று முடிவாயிற்று. பூங்காவின் விளம்பரத் தாளை அவள் மடித்து மடித்தே கிழித்துவிட்டாள். அதில் மலைபோல ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டர் படம் இருந்தது. கீழே பொடி எழுத்தில், நாற்பத்தெட்டு அங்குல உயரம் இருந்தால்தான் அதில் ஏறலாம் என்று போட்டிருந்தது. அவள் வயதுக்குக் கொஞ்சம் குள்ளம்.

"அப்பா, என்னை அளங்கப்பா."

கடைக் கதவோரம் அவளை நிறுத்தி, குதிகாலில் டேப்பை மிதிக்க வைத்து, உச்சந்தலை வரை இழுத்தார். "நாப்பத்தெட்டு!" என்றார். அம்மாவும் நோட்டில் எழுதினாள். மகள் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

டேப்பில் இருந்தது நாற்பத்தாறு.

[இங்கே எனக்கு ஒரு சபலம். மகள் முகம் வாடக்கூடாதே என்று அப்பா வேண்டுமென்றே பொய் சொன்னதாக எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பல வருடம் கழித்து அம்மாவிடமே கேட்டேன். "பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை பாட்டுக்கு அளந்துச்சு, வாய் பாட்டுக்குச் சொல்லுச்சு. கடைக்கு வந்த புள்ள மாதிரியே உன்னையும் அளந்துட்டாரு. நானும் பேக்கு மாதிரி எழுதிட்டேன்" என்றாள். ஆகவே சபலம் ரத்து.]

3

ரிசார்ட் அறைக்குள் நுழைந்ததும் அம்மா மெத்தையில் உட்கார்ந்து பார்த்தாள். மகள் குளியலறைக் குழாய்களை எல்லாம் திறந்து பார்த்தாள். அப்பா திரைச்சீலையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "தையல் நெருக்கமா இல்ல, ரெண்டு துவைப்புக்குத் தாங்காது" என்றார். மூவரும் அவரவர் வழியில் சந்தோஷமாக இருந்தார்கள்.*

* ஜாலியான அரை நாள் இதுதான். உதவி ஆசிரியர் கவனிக்க.

ரோலர் கோஸ்டர் வரிசையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். முன்னால் நின்றவர்களிடம் எல்லாம் அவள், "நான் நாப்பத்தெட்டு, எங்கப்பாவே அளந்தாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நுழைவில் ஒட்டகச்சிவிங்கி வரைந்த பலகை இருந்தது. அதன் பக்கத்தில் கழுத்தில் விசில் தொங்க ஓர் அம்மாள் நின்றிருந்தாள். அவளை விசிலம்மா என்றே வைத்துக்கொள்வோம். பலகையில் போட்டிருந்த சிவப்புக் கோடு பெண்ணின் தலைக்கு மேலே நின்றது. இடைவெளி நன்றாகவே தெரிந்தது.

"பாப்பா இன்னும் கொஞ்சம் வளரணும் சார். அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றாள் விசிலம்மா.

"இல்லைங்களே, நாப்பத்தெட்டு இருக்கா. உங்க பலகை சரியா இருக்கான்னு பாருங்க" என்றார் அப்பா.

"எல்லாருக்கும் இதே பலகைதான் சார்."

"நான் டெய்லருங்க. இருபது வருஷமா புள்ளைங்கள அளக்குறதுதான் என் பொழப்பு. என் அளவு தப்பாது."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். (விடுமுறைக்குப் போகும்போது யாராவது டேப் எடுத்துப் போவார்களா என்று கேட்காதீர்கள். அவர் போவார்.) எல்லோரும் பார்க்க மகளின் குதிகாலில் வைத்து உச்சந்தலைக்கு இழுத்தார். "நாப்பத்தெ" என்று வாய் ஆரம்பித்துவிட்டது. கண் அப்போதுதான் டேப்பைப் பார்த்தது. குனிந்து இன்னொரு முறை பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

விசிலம்மா சிரித்துவிட்டாள். "அளக்கவே தெரியல, இவரெல்லாம் ஒரு டெய்லரா?" என்றாள். வரிசையே சிரித்தது.

4

மேலே உள்ள பகுதியில் கடைசி மூன்று வாக்கியங்களில் ஒன்றுதான் உண்மை. வரிசை சிரித்தது.

விசிலம்மா சிரிக்கவில்லை. அவள் சொன்னது இது: "பரவால்ல சார், வீட்டுல அளக்கும்போது முன்ன பின்ன ஆகுறதுதான்." மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். மற்றதைச் சொன்னது எட்டு வயதுப் பெண். விசிலம்மாவைப் பார்த்து, அப்பாவைக் கையால் காட்டி, கடைசி ஆள் வரை கேட்கும்படி சொன்னாள்.

"அளக்கவே தெரியல, இவரெல்லாம் ஒரு டெய்லரா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பெயரே தெரியாத ஒரு நல்ல பெண்மணியின் வாயில் என் வார்த்தையைத் திணித்து, பத்திரிகைக்கு அனுப்பக் கவரும் எடுத்து வைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு எழுத்தாளர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

[அந்த வரியை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். "எனக்கு அழுகையா வருதுப்பா." இப்படி ஒன்று. "பரவால்லப்பா, நாம வேற ராட்டினத்துக்கு" என்று இன்னொன்று, அது பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை. கோபம் வந்தால் எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.]

அப்பா டேப்பை விரலில் சுற்றிப் பையில் போட்டார். "ஆமா பாப்பா, தப்பா அளந்துட்டேன்" என்றார்.

5

இதை எழுதாமல் விடப் பார்த்தேன். கரடி.

அன்று முழுவதும் அவள் அப்பாவோடு பேசவில்லை. மறுநாள் காலை அவரைக் காணோம். அம்மாவும் அவளும் ரிசார்ட் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, பூங்கா வாசலில் கையசைக்கும் அந்தப் பெரிய கரடி உள்ளே வந்தது. மற்ற பிள்ளைகளை எல்லாம் தாண்டி நேராக அவளிடம் வந்து, மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தது. முந்தின நாள் பார்த்தபோது கரடியின் அக்குளில் தையல் விட்டிருந்தது. இப்போது அந்த இடம் அழகாகத் தைத்திருந்தது. கரடிக்குப் பின்னால், விரலில் நூல் துண்டு ஒட்டியிருக்க, அப்பா நின்றிருந்தார். அவ்வளவு சிரிப்பு அவர் முகத்தில்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரையோ கெஞ்சி, கரடி உடுப்பைத் தைத்துக் கொடுத்து, அதற்குப் பதிலாக இதைக் கேட்டிருக்கிறார். புரிந்தபிறகும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கரடி கொஞ்ச நேரம் கையை விரித்தபடியே இருந்துவிட்டு எழுந்து போயிற்று.

"ஏண்டி, உனக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா?" என்றாள் அம்மா.

வரிசையில் சொன்னதையாவது ஆத்திரம் என்று தள்ளலாம். இதற்கு நான் என்ன பெயர் வைப்பேன்?

6

ஊர் திரும்பிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்து எழுத மனசு வரவில்லை.

அப்பா கூட்டிச் சொல்வதை நிறுத்திவிட்டார். டேப்பில் இருபத்திரண்டு என்றால் வாயிலும் இருபத்திரண்டு. வெட்டும்போதும் கூட்டவில்லை. அடுத்த பருவத்தில் பெற்றோர்கள் வந்து நின்றார்கள். "என்ன டெய்லர், போன தடவை தச்சது ரெண்டு வருஷம் வந்துச்சு. இது ஆறு மாசத்துல ஏறிப்போச்சே?" அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "அளவுன்னா அளவுதாங்க."

அம்மா பார்த்தாள். சத்தம் போடாமல் நோட்டில் அவளே இரண்டு அங்குலம் கூட்டி எழுத ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் அப்பா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. நோட்டை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அளப்பதும் அவரே, எழுதுவதும் அவரே. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்த அம்மாவுக்குக் கடையில் வேலை இல்லாமல் போயிற்று. மத்தியானங்களில் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். பள்ளிவிட்டு வரும் மகளிடம் அவள் ஒரு வார்த்தையும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேன்.

(பார்த்தீர்களா, 'நான்' வந்துவிட்டது. இருக்கட்டும்.)

7

முடிவுகள் மூன்று கைவசம் இருந்தன.

அடுத்த வருடம் அவள் வளர்ந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கோஸ்டரில் ஏறுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. "எங்கயாவது போலாமா?" என்று அவர் கேட்கவும் இல்லை.

இரண்டாவது, கரடிக்குள் இருந்த ஆள் பல வருடம் கழித்து அவளைச் சந்தித்து, அன்று அப்பா எப்படியெல்லாம் கெஞ்சினார் என்று சொல்கிறார். சினிமா. கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் அப்பா இறந்துவிடுகிறார். அவள் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். இதை ஒரு பக்கம் எழுதியும் விட்டேன், சரளமாக வந்தது. அப்போது கூடத்திலிருந்து, "பாப்பா, விசிறிய கொஞ்சம் குறைச்சு வையேன்" என்று குரல் கேட்டது. எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்து, அந்தப் பக்கத்தைக் கசக்கிப் போட்டேன். மன்னிப்புக் கேட்பதற்குச் சோம்பல்பட்டு மனுஷனையே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

8

ஆமாம், அப்பா இருக்கிறார், என்னோடுதான் இருக்கிறார். எழுபத்தாறு வயது. அம்மா போய் மூன்று வருடமாகிறது. கண் புரை முற்றியதால் படிக்க முடியாது. நான் எழுதுவதை எல்லாம் படித்துக் காட்டச் சொல்வார்.

இன்று காலை, "விடுமுறை மலருக்கு என்ன எழுதுற?" என்று கேட்டார். தப்பிக்க வழியில்லை. படித்தேன். டெய்லர், அளவு நோட்டு, திரைச்சீலைத் தையல் எல்லாவற்றுக்கும் சிரித்தார். "ஆமா, மட்டமான தையல் அது" என்றார். மூன்றாம் பகுதியைப் படித்தேன். நான்காம் பகுதியைப் படிக்கவில்லை. விசிலம்மா சொன்னதாக எழுதியிருந்ததோடு தாளை மடித்துவிட்டேன்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மா அப்படிச் சொல்லலையே" என்றார். "அவங்க ரொம்ப நல்லவங்க. பரவால்ல சார்னு சொன்னாங்க. பாவம், அவங்க மேல எதுக்குப் பழி போடுற? எடுத்துடு."

முப்பத்தெட்டு வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை. அவருக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. "சரிப்பா, எடுத்துடறேன்" என்றேன்.

"எடுத்துட்டா அந்த இடம் காலியா இருக்குமே. அப்ப யாரு சொன்னதா எழுதுவ?"

கோபமாகக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதை என் பக்கம் கொடுத்துக் கேட்டார். "ஒரு நிமிஷம்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து, இந்த மேசையில் உட்கார்ந்து, இப்போது உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பதிலை இங்கே எழுத மாட்டேன். எழுதிவிட்டால் சொன்ன மாதிரியே ஆகிவிடும், பிறகு அவரிடம் போய்ச் சொல்லவே மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். ஆகவே முடிவை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அவளை விட நல்லவளாகிவிட்டேன் என்று நீங்கள் நம்பினால் சந்தோஷம்.

ஒரு நிமிஷம் என்று சொல்லி முக்கால் மணி நேரமாகிவிட்டது. அப்பா இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.