பேபி விநாயகமூர்த்தி என்று ஒருவரும் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. ஒரே பக்கம்தான். அதன் அடியில் ஒரு சதுரப் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'இந்தச் சோதனையில் வரும் நோயாளிகள் அனைவரும் கற்பனையானவர்கள் என உறுதியளிக்கிறேன்.' கதைப் புத்தகங்களின் முதற்பக்கங்களில் இந்த மாதிரி வாக்கியங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை யாரும் நம்பிப் பார்த்ததில்லை. ஆனால் இதற்குக் கீழே கையெழுத்து வைக்கவேண்டும், பொய்யென்றால் பிடிப்பார்கள் என்றதும் எனக்குக் கதை எழுதும் ஆசை வந்துவிட்டது.

தொடக்கத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

[கைவிட்டது: மருத்துவர்கள் நோயாளிகளின் விபரங்களைப் பதிந்துவைக்கும் கணினி மென்பொருளுக்குச் சான்றிதழ் வழங்குமுன் அரசு அதனைப் பல படிகளில் சோதிக்கிறது. இது கதை இல்லை, சுற்றறிக்கை.]

[கைவிட்டது: ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில். இந்த ஊர்க் கதைகளில் எப்போதும் பனிதான் கொட்டுகிறது. இது நவம்பர் நடுப்பகுதி. மழைகூட இல்லை.]

கைவிட்டவற்றை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மூன்றாம் பகுதி முடியும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2

துவாரகாவுக்கு இருபத்தாறு வயது. [இருபத்தொன்பது என்றுதான் முதலில் எழுதினேன். என்னைவிட மூத்தவளாகிவிட்டால் அவளை அதட்ட முடியாது.] ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் ஒரு பல்வைத்தியசாலைக்கு மேல்மாடியில், மூன்று பேர் வேலைசெய்யும் மென்பொருள் கொம்பனியில் அவள் சோதனை பார்ப்பவள். கொம்பனி ஜூலியஸ் அண்ணையுடையது. ஒன்பது வருடம் இருந்து தானே எழுதிய மென்பொருளை ஆறு சின்னக் கிளினிக்குகளுக்குக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது ஆள் இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை, விடுமுறையில் அனுப்பிவிட்டேன்.

அரசின் புதிய சான்றிதழ் இல்லாவிட்டால் வருட முடிவோடு ஆறு கிளினிக்குகளும் பெரிய கொம்பனி ஒன்றுக்கு மாறிவிடும். சோதனைக்குக் கிடைத்த திகதி வியாழக்கிழமை காலை பத்து மணி. அதைத் தவறவிட்டால் அடுத்தது வரும் வருடம் இலையுதிர்காலத்தில். அதுவரை கொம்பனி தாங்காது.

சோதனைக்கு நாற்பது நோயாளிகள் வேண்டும். உண்மையான ஆட்களாக இருக்கக்கூடாது, ஒருவரும் பிறந்திருக்கவே கூடாது. அவர்களைப் பிறப்பிப்பதுதான் துவாரகாவின் வேலை. முப்பத்தொன்பது பேரை ஒழுங்காகச் செய்து முடித்தாள். சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்று பெயர். ஆளுக்கொரு நோய்வருத்தம், ஆளுக்கொரு மருந்து. கோபம் இல்லை, குடும்பம் இல்லை, நல்ல நோயாளிகள்.

நாற்பதாவது ஆளில்தான் பிசகியது. அதற்குக் காரணம் முந்திய வாரப் புதன்கிழமை வகுப்பு.

(இங்கே வகுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எடுத்துவிட்டேன். நூலகத்தின் கீழ்த்தளம், மாலை ஆறரை, எட்டுப் பேர், தமிழில் கதை எழுதப் பழகுகிறார்கள். இவ்வளவு போதும்.)

நடத்துகிற ராகுலனுக்கு அவளைவிட இரண்டு வயதுதான் கூட. அவளுடைய கதையை வாசித்துவிட்டு அவன் சொன்னான்: "துவாரகா, உம்மட ஆளுக்கு வருத்தமெல்லாம் வடிவா இருக்கு. வாழ்க்கைதான் இல்லை."

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் திகதியும் நேரமும் போட்டு அந்த வசனத்தை எழுதிவைத்தாள். கீழே, 'சரியாக இருக்கலாம்' என்றும் எழுதினாள்.

அடுத்த நாள் நாற்பதாவது நோயாளியைத் திறந்தாள். பெயர்: பேபி விநாயகமூர்த்தி.

ஜூலியஸ் அண்ணைக்கு ஒரு பெருமை உண்டு. அவருடைய மென்பொருளில் மருத்துவர் குறிப்பைத் தமிழிலும் எழுதலாம்.

"பெரிய கொம்பனியளால ஏலுமோ?" என்பார்.

"ஆர் அண்ணை தமிழில எழுதப்போகினம்?"

"எழுதினா?"

எழுதினாள். தமிழில் எழுதினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியம்தான். இப்படி:

'வயது 63. வசிப்பது ரெக்ஸ்டேல். மகனுடன் இருக்கிறார். பதினொரு வருடமாக நீரிழிவு, நாளுக்கு ஒரு மாத்திரை. கந்தசட்டி விரதம் ஆறு நாளும் குளுசை எடுப்பதில்லை. மருத்துவரிடம் எடுப்பதாகச் சொல்கிறார். எடுக்காத குளுசையை எறியவும் மனமில்லை. வெந்தயம் என்று ஒட்டியிருக்கும் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஒவ்வொரு நாளும் ஒன்றைப் போட்டு மூடுகிறார். மகன் மருந்துப் போத்தலை எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கவேண்டும்.'

வாசித்துப் பார்த்தாள். பிடித்திருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

3

வியாழன் பத்து மணி. வீடியோவில் வந்த பரிசோதகர் ஒரு பெண், பெயர் ஜெனாட். [ஒரு வெள்ளைக்காரரைத்தான் முதலில் வைத்திருந்தேன். அவர் பேபியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்பது நிமிடத்தில் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போனார். கதை அங்கேயே முடிந்துவிட்டது.] ஜெனாட் மன்னாரிலிருந்து சின்ன வயதில் வந்தவர். சோதனை நேரத்தில் ஆங்கிலம் தவிர வேறொன்றும் பேசுவதில்லை என்பது அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

பதினாறு படிகள் வழுக்கிக்கொண்டு போயின. ஜூலியஸ் அண்ணை மேசைக்குக் கீழே பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

பதினேழாவது படி, திருத்தம். ஒரு நோயாளியின் குறிப்பில் தவறு இருந்தால் திருத்தலாம், ஆனால் பழையதை அழிக்க முடியாது. குறுக்கே கோடு விழும். கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து அப்படியே தெரியும். யார் திருத்தியது, எத்தனை மணிக்கு என்பதும் தெரியும். மருத்துவப் பதிவில் எதுவும் காணாமற்போகக் கூடாது.

"கடைசி ஆளைத் திறவுங்கோ" என்றார் ஜெனாட், ஆங்கிலத்தில்.

துவாரகா திறந்தாள். ஜெனாட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். பிறகு தன் சட்டத்தைத் தானே மீறினார்.

"பிள்ளை, உது ஆர்?"

"ரெஸ்ற் பேஷன்ற், மிஸ்."

"மற்ற முப்பத்தொன்பது பேரும் ரெஸ்ற் பேஷன்ற். உவ ஆர்?"

"கற்பனை."

"வெந்தயப் பெட்டிக்குள்ள குளுசையோ? உதை ஒருத்தரும் கதிரையில இருந்து யோசிச்சு எடுக்கேலாது. என்ர அம்மா ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில பிஸ்கட் ரின்னுக்குள்ள போட்டவ."

ஜூலியஸ் அண்ணை குறுக்கே விழுந்தார். "மிஸ், உவ கதை எழுதுறவ. பின்னேரக் கிளாசுக்குப் போறவ."

"கதையோ? கிளினிக் நோட்ஸிலயோ?"

"பழகிறா, மிஸ்."

"நல்லாத்தான் பழகியிருக்கிறா. உண்மையான ஆளின்ர விபரம் சோதனைக்குள்ள வந்திருந்தா நான் இதிலயே நிப்பாட்டவேணும்."

"நான் அழிச்சுவிடுறன், மிஸ்" என்று சொல்லி, யாரும் தடுக்குமுன் துவாரகா பொத்தானை அழுத்திவிட்டாள்.

மென்பொருள் ஒன்பது வருட உழைப்பையும் அந்தக் கணத்தில் காட்டியது. குறிப்பின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்தது. கீழே, 'திருத்தியவர்: துவாரகா. வியாழன், 10.42. முந்திய பதிவு பின்வருமாறு.' பின்வருமாறு ஐஸ்கிறீம் பெட்டி, வெந்தயம், குளுசை எல்லாம் முன்பைவிடத் துலக்கமாக நின்றன.

"பதினேழாவது படி பாஸ்" என்றார் ஜெனாட்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஜூலியஸ் அண்ணை தண்ணீர் குடித்தார்.

ஜெனாட் படிவத்தை அனுப்பினார். நாலு மணிக்குள் திரும்பி வரவேண்டும். பேபி கற்பனையென்றால் பெட்டியில் அடையாளமிட்டு, எழுதியவரே கையெழுத்து வைக்கவேண்டும். சான்றிதழ் கிடைக்கும். இல்லையென்றால் அது யாரென்று எழுதவேண்டும். சோதனை தோல்வி.

"பொய்யாக் கையெழுத்து வைச்சீரெண்டா அது வேற பிரச்சினை" என்றார். வீடியோவை நிறுத்தப் போனவர் நின்றார். "உண்மையான மனிசியெண்டா, டாக்குத்தருக்கு ஆராவது சொல்லவேணும். கந்தசட்டி இப்ப நடக்குதெல்லே?"

4

எனக்கு இந்த இடத்தில் துவாரகாவில் நம்பிக்கை குறைகிறது. வேறு யாராக இருந்தாலும் உடனே கையெழுத்து வைத்திருப்பார்கள். இவள் நாட்குறிப்பை எடுத்து நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் 'உண்மை', மறுபக்கம் 'கற்பனை' என்று எழுதுகிறாள்.

பெயர்: கற்பனை. வயது: கற்பனை. ரெக்ஸ்டேல்: கற்பனை. மகன் எண்ணுவது: கற்பனை.

வெந்தயப் பெட்டி: உண்மை. குளுசை: உண்மை. மருத்துவரிடம் சொல்லும் பொய்: உண்மை.

போன வருடம் அஜக்ஸில், அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை சந்திரவதனா அன்ரியும் மகன் ஜனார்த்தனும் இருக்கும் வீட்டுக் குசினியில், வெந்தயம் எடுத்துத் தரச்சொல்லி அலுமாரியைக் காட்டியபோது துவாரகா பிழையான பெட்டியைத் திறந்துவிட்டாள், உள்ளே குளுசைகள். அன்ரி வந்து மூடியைப் பறித்து, "விரதத்துக்கு விட்டது, டாக்குத்தருக்கு எடுக்கிறன் எண்டுதான் சொல்லுறனான், ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்றார். அவளும் விடவில்லை. ஒரு கணினிக்கு மட்டும்தான் சொன்னாள்.

ஜூலியஸ் அண்ணை எட்டிப் பார்த்தார். "ஏழில மூண்டுதானே உண்மை? பாதிகூட இல்லை."

"அண்ணை, படிவத்தில பெட்டி ஒண்டுதான் இருக்கு. அதில பாதி அடையாளம் போடேலாது."

அவர் போய் யன்னலருகே நின்றார். கீழே பல்வைத்தியசாலைக்கு வந்த ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு காரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வையும் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார் ஜூலியஸ் அண்ணை. "நான் சொன்னா நீர் வைப்பீர். பிறகு எனக்கு நித்திரை வராது. வைக்காட்டியும் வராது. அது வேற கதை."

5

இரண்டரைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரி, உங்களைப் பற்றி ஒண்டு எழுதிப்போட்டன்."

"பேப்பரிலயோ?"

"இல்லை, வேலையில. பேர் மாத்தித்தான்."

"என்ன பேர்?"

"பேபி."

"சீ! வேற பேர் கிடைக்கேல்லையே உனக்கு? வயசு?"

"அறுபத்திமூண்டு."

"அது பரவாயில்லை."

துவாரகா முழுக்க வாசித்துக்காட்டினாள். மறுபக்கத்தில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"ஜனார்த்தன் எண்ணுறதை உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அது நானாப் போட்டது, அன்ரி. கற்பனை."

"கற்பனையோ? ஞாயிறு ஞாயிறு போத்தலைக் கொட்டி எண்ணுவான்."

துவாரகா நாட்குறிப்பில் ஒரு வரியை வெட்டி மற்றப் பக்கம் எழுதினாள். ஏழில் நாலு.

"பிறகு?" என்றார் அன்ரி.

"என்ன பிறகு?"

"அவவுக்கு. பேபிக்கு. குளுசையை விட்டவ. பிறகு என்ன நடந்தது?"

"அதுக்கு மேல நான் எழுதேல்லை."

"உது என்ன கதை, அரைவாசியில நிக்குது? இண்டைக்கு நாலாம் நாள். எனக்குக் காலமை துவக்கம் தலை சுத்துது. பேபிக்கும் சுத்துமோ?"

துவாரகா எழுந்துவிட்டாள். "அன்ரி, மெஷினில சீனி பார்த்தனீங்களோ?"

"பார்த்தா அதுக்குள்ள பதிஞ்சு கிடக்கும். அழிக்கேலாது. ஜனார்த்தன் பார்ப்பான்."

அதட்டினால் அன்ரி தொலைபேசியை வைத்துவிடுவார் என்று துவாரகாவுக்குத் தெரியும். ஜனார்த்தனுக்குச் சொல்லுவேன் என்றாலும் வைத்துவிடுவார். அவளிடம் இருந்தது ஒரு நோயாளி மட்டும்தான். நாற்பதாவது பதிவைத் திறந்தாள். கோடு விழுந்த குறிப்புக்குக் கீழே தட்டச்சிட்டாள். தட்டத் தட்ட வாசித்தாள்.

"'நாலாம் நாள் நோயாளிக்குத் தலை சுற்றியது. மெஷினில் பார்த்தார். பதினெட்டு.'"

"அவ்வளவோ!" [கனடா மெஷினில் பத்தைத் தாண்டினாலே கூடுதல்.]

"'தானே கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். ஆறு நாள் குளுசை விடுகிறதையும் பெட்டியையும் சொன்னார்.'"

"பெட்டியையுமோ?"

"ஓம். பெட்டியையும்."

"டாக்குத்தர் ஏசினவரோ?"

துவாரகாவின் விரல் நின்றது. [ஏசினார் என்று எழுதினாள். வெட்டினாள். அதுவும் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது.] "'ஏசவில்லை. குளுசையோட விரதம் பிடிக்கிறதுக்கு வழி இருக்கு, உடனே வாங்கோ என்றார்.'"

"நீ எனக்காக எழுதுறாய்."

"பேபிக்காக, அன்ரி."

மறுபக்கம் ஒரு மேசை லாச்சியை இழுக்கும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்ன பீப்.

"பதினெட்டு இல்லை" என்றார் அன்ரி. "பத்தொன்பது புள்ளி இரண்டு. வை போனை, கிளினிக்குக்கு எடுக்கிறன். அந்தப் பேபியே எடுத்தவ, எனக்கென்ன?"

6

மணி மூன்று ஐம்பது. படிவம் திரையில் இருக்கிறது.

[கைவிட்ட முடிவு: துவாரகா கையெழுத்து வைத்தாள். சான்றிதழை ஜூலியஸ் அண்ணை சட்டம் போட்டு மாட்டினார். அதைப் பார்க்காமல் கோப்பி எடுக்கப் போக அவள் பழகிக்கொண்டாள்.]

[கைவிட்ட முடிவு: அன்ரியின் பெயரை எழுதினாள். ஜூலியஸ் அண்ணை ஆறு கிளினிக்குகளுக்கும் தானே தொலைபேசி எடுத்தார்.]

இரண்டையும் எழுத எனக்குக் கை வந்தது. நம்ப மனம் வரவில்லை. ஏனென்றால் மதியம்வரை பேபி அன்ரியைப் பார்த்து எழுதப்பட்டவர். இரண்டரைக்குப் பிறகு அன்ரி பேபியைப் பார்த்துச் செய்கிறார். பேபி கிளினிக்குக்கு எடுத்தபிறகுதான் அன்ரி எடுத்தார். இப்போது இதில் யார் யாருடைய நகல்? துவாரகா நாட்குறிப்பை விரித்து, நடுக் கோட்டின் மேலேயே 'பேபி' என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டாள். அவளுக்கு இதற்கு மேல் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆகவே பேனை உங்களிடம். கையெழுத்து அவளுடையதுதான், பெட்டியை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்:

☐ இதில் வருபவர்கள் அனைவரும் கற்பனை.

அவசரப்படவேண்டாம், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அடையாளமிட்ட பிறகு மனம் மாறினால் வெட்டலாம். குறுக்கே கோடு விழும். கீழே உங்கள் பெயரும், வியாழக்கிழமையும், மணியும், முதலில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும்.