இந்த வருஷம் பரபாஸ்

பிரேசர் டவுனில் ஆம்ப்ரோஸ் யாரோடும் சண்டை போட்டதில்லை. போட வழியில்லை. பங்குக் கோயிலில் பெரிய வெள்ளிதோறும் நடக்கும் பாஸ்கா நாடகத்தில் பல வருஷமாக இயேசு வேஷம் கட்டுகிறவர் அவர். ஜனவரியில் தாடி வளர்க்க ஆரம்பித்தால் கூடவே மரியாதையும் வளரும். ரேஷன் கடை வரிசையில் எவனாவது முண்டிக்கொண்டு முன்னால் போனால் மற்றவர்கள் தாராளமாகக் கத்தலாம். இவர் கத்தினால், "ஆண்டவரே கத்துறாரு பாரு" என்று சிரிப்பார்கள். அதற்குப் பயந்தே மனிதர் வாயை மூடிக்கொண்டார். மூடின வாயில் ஒரு புன்னகை ஒட்டிக்கொண்டு, பிறகு போகவே இல்லை. ஐம்பதைத் தாண்டித் தொப்பை போட்டு, சிலுவையைத் தூக்கி நிறுத்துகிறவர்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் வேஷத்தை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

"நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னு ஊரே சொல்லுது. சண்டைன்னா மட்டும் என்ன முன்னாடி தள்ளிட்டு இவரு பின்னாடி நின்னு சிரிப்பாரு" என்பாள் மனைவி பவுலின். பால்காரனிலிருந்து மின்சார ஆபீஸ் வரை எல்லா வழக்கும் அவள் தலையில்தான் விடிந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு முடியும் நேரத்தில் ஆம்ப்ரோஸ் வேலை பார்த்த தொழிற்சாலையில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பெயர்தான் விருப்பம். பர்சனல் மேனேஜர் தேசிகன் மிகவும் மரியாதையான மனிதர். அவர் தொழிலாளர்களைக் கூட்டி, எல்லார் முன்னாலும் ஆம்ப்ரோஸின் தோளில் கைவைத்து, "நீங்க ஆரம்பிச்சு வைங்கோ, உங்களைப் பார்த்து மத்தவாளும் வருவா" என்றார். ஆம்ப்ரோஸுக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. முகம் வழக்கம்போலப் புன்னகைத்தது. கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தைப் பார்த்து முப்பது பேர் பேனாவை எடுத்தார்கள். பக்கத்து லேத்தில் காலமெல்லாம் நின்ற சிநேகிதன் எத்திராஜும் எடுத்தான்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்கள் பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை இருக்கலாம் என்று அன்று தேசிகன் வாயால் சொன்னார். மார்ச் பிறந்ததும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எத்திராஜின் மகள் சௌம்யாவுக்கு ஏப்ரலில் எஸ்.எஸ்.எல்.சி. வேலை போன மனுஷனுக்கு அவசரத்தில் யார் வீடு கொடுப்பார்கள்? பரீட்சை நேரத்தில் பெண்ணையும் புத்தகங்களையும் எந்த உறவுக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் கொண்டுபோய்ப் போடுவது?

"நீ சொன்னா அந்த ஆளு கேப்பான்டா. ஒரு வார்த்த பேசிட்டு வா" என்றான் எத்திராஜ். ஆம்ப்ரோஸுக்குச் சொந்தப் பிரச்சினை இல்லை, அவர் இருந்தது பவுலினின் அப்பா கட்டின வீட்டில். போனார். தேசிகன் கொடுத்த காப்பியைக் குடித்தார். குடும்பத்தை விசாரித்தார். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

வாசலில் காத்திருந்த எத்திராஜுக்கு அந்தப் புன்னகையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. திட்டக்கூட இல்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து ஆம்ப்ரோஸுக்கு நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பாரம். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு இதயம் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது என்றார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்னேஹா என்று ஒரு மனநல ஆலோசகர் இருப்பதாகவும், பார்த்துவிட்டு வரும்படியும் சொன்னார். பவுலின் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்னேஹாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஜலதோஷம் வேறு, நிமிஷத்துக்கு ஒரு தரம் தும்மினாள். இவளிடம் என்னத்தைச் சொல்வது என்று ஆம்ப்ரோஸுக்குத் தோன்றியது. ஆனாலும் தொடர்ந்து வரும் கனவைச் சொன்னார். தொழிற்சாலையின் நீல யூனிஃபார்ம் போட்ட, அழுக்கேறிய, மூர்க்கமான ஒருவன் வீட்டுக் கதவை உடைக்கப் பார்க்கிறான். இவர் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"எத்திராஜ்தான்மா அது. அவனுக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்."

"இருக்கலாம் அங்கிள். ஆனா கனவு உங்களோடது. அவனும் உங்க ஆளா இருக்கலாம் இல்லியா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் விளக்கினாள். நாம் வெளியே காட்டுகிற முகம் ஒன்று உண்டு, அது ஊருக்காகப் போட்டுக்கொள்வது. அந்த முகத்துக்குப் பொருந்தாததையெல்லாம் உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறோம். ஆழ்மன உளவியலில் அதற்கு நிழல் என்று பெயர். "முகம் மட்டும் நீங்க இல்ல, நிழல் மட்டும் நீங்க இல்ல. ரெண்டையும் சேத்து வச்சிருக்கிற முழு ஆளத்தான் செல்ஃப்னு சொல்றோம். நல்லவரா இருக்கிறது வேற அங்கிள், முழுசா இருக்கிறது வேற."

"தொறந்து விட்டா யாரையாவது அடிச்சிட மாட்டானா?"

"தெரியல. பகல்ல முழிச்சிட்டு இருக்கும்போது கண்ண மூடி உக்காந்து அந்தக் கதவத் தொறந்து பாருங்க. என்ன வேணும்னு கேளுங்க. பயமா இருந்தா கண்ணத் தொறந்துடுங்க."

மறுநாள் பதினோரு மணிக்கு, கூடத்து நாற்காலியில் ஆம்ப்ரோஸ் கண்ணை மூடி உட்கார்ந்தார். சமையலறையில் பவுலின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தாழ்ப்பாள் தெரிந்தது. திறந்தார்.

அவன் அடிக்கவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். மூர்க்கம் எதுவும் இல்லை, மிகவும் களைத்திருந்தான். "கையெழுத்து போட்ட அன்னிக்கு என்ன எங்கடா அடைச்சு வச்சே? ஒரே ஒரு தடவ 'மாட்டேன்'னு சொல்லத்தானே வந்தேன்" என்றான். அவனுக்கு ஆம்ப்ரோஸின் முகமே இருந்தது. தாடி மட்டும் இல்லை.

பவுலின் செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்து பார்த்தபோது மனிதர் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்காத அழுகை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீடெல்லாம் மீன் வாடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் ஆம்ப்ரோஸ் ஒரு குண்டு போட்டார். "இந்த வருஷம் இயேசு வேஷத்த வேற யாருக்காவது குடுங்க. எனக்குப் பரபாஸ் குடுங்க."

கோயில் மண்டபமே வாயைப் பிளந்தது. பரபாஸ் என்றால், இயேசுவுக்குப் பதிலாக விடுதலையாகும் கலகக்காரன். வசனமே கிடையாது. சங்கிலியோடு வந்து ஒரு உறுமல் உறுமிவிட்டுப் போக வேண்டியதுதான். கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நாடகத்தை நடத்தும் பழனிச்சாமி இந்து, நாடகக் கம்பெனிகளில் அடிபட்டு வந்தவர், அவருக்கு இந்தப் புனிதமெல்லாம் கணக்கில்லை. "குடுத்தா போச்சு. எங்க, உறுமுங்க" என்றார்.

ஆம்ப்ரோஸ் உறுமினார்.

"இது பரபாஸா, பாலுக்கு அழுவுற பூனையா? மறுபடி!"

மறுபடியும் பூனைதான் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் கண்ணை மூடினார். தோளில் விழுந்த தேசிகனின் கை ஞாபகம் வந்தது. சைக்கிளில் போன எத்திராஜின் முதுகு ஞாபகம் வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. சிரித்தவர் எழுந்து நின்றுவிட்டார். ஆம்ப்ரோஸ் கண்ணைத் திறந்து தன் கைகளைப் பார்த்தார். அவை யாரையும் அடிக்கவில்லை, சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தன. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பாகவும் வருத்தமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் நேராக எத்திராஜ் வீட்டுக்குப் போனார். பாதிச் சாமான் மூட்டையாகியிருந்தது.

"வா, தேசிகன பாக்கப் போலாம்."

"எதுக்கு? திரும்ப காப்பி குடிக்கவா?" என்றான் எத்திராஜ். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டான்.

தேசிகன் இருவரையும் உட்காரச் சொன்னார். "காப்பி சாப்பிடறேளா?"

"வேணாம் சார். மொதல்ல பேசிடறேன். பரீட்சை முடியிற வரைக்கும் குவார்ட்டர்ஸ்ல இருக்கலாம்னு எங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. உங்கள நம்பி நான் கையெழுத்து போட்டேன், என்ன நம்பி இவங்க போட்டாங்க. இப்ப காலி பண்ணச் சொல்றீங்க."

"மேலேர்ந்து ஆர்டர், ஆம்ப்ரோஸ். நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் புன்னகை பழக்கதோஷத்தில் உதட்டுக்கு வந்தது. அது வருவதை ஆம்ப்ரோஸ் முதல் தடவையாகக் கவனித்தார். வந்த வழியே போகவிட்டார்.

"சொன்னது மேல இருக்கிறவரு இல்ல, நீங்க. உங்க வார்த்தைய நீங்கதான் காப்பாத்தணும். முடியாதுன்னா ஆர்டர் போட்டவருகிட்ட கூட்டிட்டுப் போங்க, நான் பேசறேன். அது வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்!"

கத்தவில்லை. ஆனால் குரல் சுவரைத் தாண்டியது. வெளியே டைப்ரைட்டர்கள் நின்றன. எத்திராஜ் தன் சிநேகிதனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தேசிகன் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இப்படிப்பட்டவரே இல்லையே ஆம்ப்ரோஸ்."

"ஆமா சார். இத்தன வருஷமா பாதி ஆளத்தான் பாத்திருக்கீங்க. மீதி ஆளு இன்னிக்குத்தான் வந்திருக்கான்."

தேசிகன் கெட்டவர் அல்ல, எதிர்ப்பு வராத பக்கம் நடந்து பழகியவர். போனை எடுத்தார். ஒரு தரம் கெஞ்சினார், ஒரு தரம் குரலை உயர்த்தினார். கடைசியில் ஏப்ரல் முடியும்வரை எல்லாரும் இருக்கலாம் என்றார். "எழுதிக் குடுங்க சார்" என்றான் எத்திராஜ் பளிச்சென்று. எழுதிக் கொடுத்தார்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கியதும் எத்திராஜ் வெடித்தான்.

"இந்த வாய அன்னிக்கே தொறந்திருந்தா நம்ம வேலையே போயிருக்காதுடா! மூஞ்சில சிரிப்ப ஒட்டிக்கினு எங்க எல்லாரையும் கவுத்துட்டியேடா!"

ஆம்ப்ரோஸின் முகம் சிவந்தது. "அன்னிக்குப் பயந்துட்டேன். தப்புதான். ஆனா உன் கையப் புடிச்சா நான் போட வச்சேன்? உனக்குன்னு ஒரு வாயி இல்ல? என் மூஞ்சியப் பாத்துத்தான் முடிவெடுப்பியா நீ?"

"உன் மூஞ்சிய நம்புனேன்டா!"

"நானே நம்பாத மூஞ்சிய நீ எதுக்குடா நம்புனே?"

சத்தம் ஏறியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாக்கெ ஸ்வாமி ஜகளா?" என்று கன்னடத்தில் சண்டைக்குக் காரணம் கேட்டபடி டீக்கடைக்காரர் நடுவில் வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பி, "நீ சும்மா இருப்பா!" என்று சீறினார்கள்.

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்திராஜுக்குக் கண் கலங்கியிருந்தது, மறைக்க முயலவில்லை. அத்தனை வருஷச் சிநேகத்தில் அவர்கள் போட்ட முதல் சண்டை அது. எத்திராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னும் ரெண்டு டீ சொன்னான். பெஞ்சில் ஆம்ப்ரோஸுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்தான்.