நீல நாற்காலியில் செல்லம்

"ஒருத்தரத்தான் உள்ள விடுவாங்களாம், அம்மா. அத்தை வரேங்கிறாங்க."

"அதுக்கென்ன, நான் வெளியில ஒக்காந்துக்கிறேன் லா."

"எனக்கு நீங்கதான் வேணும். அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பேசு. பொண்ணக் குடுத்தவ, நானா உள்ள நொழஞ்சா நல்லாருக்காது. நீ கூப்புடு, வரேன். கூப்புடுற வரைக்கும் வெளியிலதான் இருப்பேன்."

முதல் பிரசவத்துக்கு முந்தின வாரம் பிரேமலாவும் அவளுடைய தாய் செல்லமும் தொலைபேசியில் பேசிக்கொண்டது இது. செல்லம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இறந்து, சொந்த ஊரான செடெனாக்கில் கருமாதி முடிந்த மறுநாளே, மகள் பிரசவித்த மருத்துவமனைக்கு வந்து, பிரசவ அறைக்கு வெளியே, அன்று காத்திருந்த அதே நீல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் சீரகத் தண்ணீர் ஃபிளாஸ்க் இருந்தது.

முதல் பிரசவத்தன்று, கூட யார் இருப்பது என்று தாதி கேட்டதும் மாமியார் தனலெட்சுமி பையைத் தூக்கிக்கொண்டார். பிரேமலா வாயைத் திறந்தாள். வலி வந்தது, மூடிக்கொண்டாள். தனலெட்சுமி கெட்டவர் அல்லர். கை ஓயும்வரை மருமகளின் முதுகைத் தேய்த்துவிட்டார். அந்தக் கையிடம் எப்படி வேண்டாம் என்பது? எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது, படுக்கச் சொன்னார்கள். பிள்ளையை உடனே நெஞ்சில் வாங்க ஆசைப்பட்டாள், துடைக்கக் கொண்டுபோனார்கள். எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பதிலாக மாமியாரே "சரி டாக்டர்" என்றார். லோஷினி பிறந்தாள். செல்லம் பேத்தியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள். மறுவருடம் மாரடைப்பில் போய்விட்டாள்.

இறந்த பிறகும் செல்லம் அங்கே உட்கார்ந்திருப்பதற்கு மருத்துவமனையில் பழகிக்கொண்டார்கள். துடைக்க வருகிறவர்கள் காலைத் தூக்கச் சொல்லித் துடைத்தார்கள். காவலாளி ஹாரூன், உட்கார வருகிறவர்களிடம் "அங்க ஆள் இருக்கு" என்றார். நாற்காலிகளை மாற்றிய வருடம் அதை மட்டும் விட்டுவைத்தார்கள். ஃபிளாஸ்க்கின் சூடு ஆறவேயில்லை. இரண்டாவது முறை உண்டாகிப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் பிரேமலா பக்கத்தில் உட்காருவாள். செல்லம் "சாப்பிட்டியா?" என்பாள். வேறொன்றும் கேட்கமாட்டாள். தனலெட்சுமியும் "சம்பந்தி, குவே எடுத்துக்குங்க" என்று பலகாரத்தை நீட்டுவார்.

"இந்தத் தடவ ஒங்கம்மாதான் உள்ள வரணும்னு எங்கம்மாகிட்ட சொல்லிடேன்" என்றான் கணவன் வசந்தன்.

"ஒங்கம்மாதானே, நீங்க சொல்லுங்களேன்."

"நான் தெனம் கடல்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவன். பாலத்துல பைக் ஓட்டவே தைரியம் பத்தல, இது வேறயா?"

இரண்டாவது பிரசவத்துக்கு வலி எடுத்து வந்தபோது, தாதி அதே கேள்வியைக் கேட்டாள். தனலெட்சுமி பையைத் தூக்கினார். பிரேமலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. எனக்கு எங்கம்மா வேணும்."

தனலெட்சுமி பையை மெதுவாகக் கீழே வைத்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கக்கூடாதாம்மா? நான் வெளியில ஒக்காந்திருப்பேனே. அப்ப சம்பந்தி உசுரோட இருந்தாங்களே."

"ஒருத்தர்தான். சீக்கிரம் கூப்புடுங்க" என்று தாதி கதவைத் திறந்து பிடித்தாள்.

"அம்மா," என்றாள் பிரேமலா, நடைவழி முழுக்கக் கேட்கும்படி. "உள்ள வாங்கம்மா."