ஒன்பதாம் எதிராளி

அன்று மூன்றாம் எண் விரிப்பில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். தலைமை நடுவர் குணரத்தினம், பினாங்குக்காரர். மூலை நடுவராக வேதவல்லி என்ற நான். நேரக் காப்பாளர் ஹபீபா. பாவூர்சத்திரத்துப் பயிற்சியாளர் ஆரோக்கியம் மாஸ்டர். போட்டியாளர் முத்துப்பேச்சி, வயது இருபத்திரண்டு. அவளுடைய எதிராளிகள் ஒன்பது பேர். அவர்களுக்குப் பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும் உண்டு. பார்வையாளர்கள் நாலாயிரம் பேரின் பெயர்கள் அவரவர் நுழைவுச் சீட்டில் இருக்கின்றன.

கட்டா என்பது கராத்தேயில் ஒருவர் மட்டுமே மதிப்பெண் பெறும் பிரிவு. வீராங்கனை விரிப்பின் நடுவே நின்று கட்டாவின் பெயரைச் சத்தமாக அறிவிப்பாள். அறிவித்ததும் அதற்கு உரிய எதிராளிகள் வந்து தத்தம் திசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது தாக்குவார், அவள் வீழ்த்துவாள். கடைசி ஆள் விழுந்ததும் வணங்குவாள். விழுந்தவர்கள் எழுந்து, உடையைத் தட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குத் தேநீர் குடிக்கப் போவார்கள். பன்னாட்டு விளையாட்டு விழா என்பதால் அன்று பிஸ்கட்டும் இருந்தது.

முன்பதிவுத் தாளில் பேச்சி எழுதிக் கொடுத்திருந்தது கான்கு ஷோ. அதற்கு எட்டுப் பேர். அவள் அறிவித்தது கான்கு டாய். அதற்கு ஒன்பது பேர். இரண்டையும் தினமும் அடுத்தடுத்துப் பயில்பவர்களுக்கு நாக்கு முந்திக்கொள்வது உண்டு. எனக்குத் தெளிவாகவே கேட்டது. அறிவித்த பிறகு நடுவர் திருத்தக் கூடாது என்பது விதி. நான் திருத்தவில்லை.

ஒன்பது பேரும் வந்தார்கள். அவள் தாளில் எழுதியிருந்த கட்டாவையே செய்தாள். எட்டுப் பேரையும் குறையில்லாமல் வீழ்த்தினாள். ஒன்பதாமவன் அவளுக்குப் பின்னால், வலது கை முஷ்டியை இடுப்பில் மடக்கி வைத்துக்கொண்டு தன் முறைக்காக நின்றிருந்தான். அவள் வணங்கினாள்.

எட்டுப் பேரும் எழுந்தார்கள். எட்டாமவன் போகிற போக்கில் அவன் தோளைத் தட்டி, "வாரியாடே? டீ ஆறிரும்" என்றான்.

"எனக்கு இன்னும் ஆகலயே" என்றான் ஒன்பதாமவன்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் பேச்சி திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒன்பதாமவன் பின்னாலிருந்து தாக்குபவன். முகத்தைப் பார்த்துத் தாக்கமாட்டான். முதுகு தெரிந்தால் தாக்குவான். ஒரு முறை அறிவித்த கட்டாவை அதே விழாவில் அவள் மீண்டும் அறிவிக்க முடியாது. ஆகவே அவனை வீழ்த்த அவளுக்கு வழியில்லை. வீழாத எதிராளி, அறிவித்தவரோடேயே ஊருக்குப் போக வேண்டும். முன்பொரு விழாவில் இப்படி நேர்ந்த வீரர் ஒருவர் பதினான்கு ஆண்டுகளாகச் சுவரில் முதுகை ஒட்டியபடி வாழ்கிறார். திருமணமும் சுவரோரமாகவே நடந்தது. மனைவி வீட்டார் ஒத்துழைத்தார்கள்.

ஆரோக்கியம் மாஸ்டர் விரிப்பின் விளிம்புக்கு வந்தார்.

"ஐயா, பிள்ள பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டு. அவனப் போகச் சொல்லுங்க."

"நான் கூப்பிடலைங்களே மாஸ்டர்" என்றார் குணரத்தினம். "கூப்பிட்டது அவங்க. நான் எப்படிப் போகச் சொல்றது?"

மாஸ்டர் ஒன்பதாமவனிடம் திரும்பினார். "ஏல, நம்ம ஊர்க்காரன்தானல நீ? விட்டுட்டுப் போல."

"பதினோரு வருசமா தெனமும் காலைல பள்ளிக்கூடத்துக் கொட்டகைல இவகிட்ட விழுந்திருக்கேன் மாஸ்டர். மழைன்னு ஒரு நாள் லீவு கேட்டிருக்கேனா? இன்னிக்கு வெளிநாடுன்னு துணியத் துவைச்சுத் தேச்சுப் போட்டுட்டு வந்தா, என்னைய மட்டும் விட்டுட்டா."

குரலை அவன் உயர்த்தவே இல்லை. உடை உண்மையில் நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தது.

"அப்பம் எம் முதுகுல அடி" என்று மாஸ்டர் திரும்பி நின்றார்.

"உங்க முதுகு எனக்கு எதுக்கு? ஏற்கெனவே டிஸ்க் நழுவிக் கெடக்கு. போய் உக்காருங்க மாஸ்டர்."

மாஸ்டர் போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பேச்சி அவனைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி என் நாற்காலியருகே வந்து சேர்ந்தாள். அவள் எடுத்த ஒவ்வோர் அடிக்கும் அவனும் ஓர் அடி வைத்தான். கண் சிமிட்டாததால் அவள் கன்னத்தில் நீர் வழிந்தது. அதை அழுகை என்று நான் குறிக்கவில்லை. ஹபீபா பதினோரு நிமிடம் ஆயிற்று என்றாள்.

"மேடம்" என்று பேச்சி என் பக்கம் பாராமல் கேட்டாள், "இவன் அடிச்சா எப்படி இருக்கும்?"

"அடி வாங்கியவர் எவரும் எழுதிக் கொடுத்ததில்லை" என்றேன். ஆறுதல் சொல்வது நடுவரின் வேலை அல்ல.

"ஃபிளைட்ல எனக்கு நடு வரிசை. பின்னால ஆள் உக்காருவாங்கல்லா?"

"உட்காருவார்கள்."

"வீட்டுல அம்மா தலை பின்னிவிடணும்னா திரும்பித்தான உக்காரணும்."

"ஆமாம்."

அவள் உள்ளங்கைகளை உடையில் துடைத்துக்கொண்டாள். "ஏ, ஒன்பது" என்றாள். "ஒரே அடிதான். அதுக்கு மேல கெடையாது."

"ஒண்ணுதான் பேச்சி என் கணக்கு."

அவள் திரும்பினாள்.

நாலாயிரம் பேரும் தங்கள் முதுகை நாற்காலியோடு அழுத்திக்கொண்டார்கள். அரங்கம் முழுதும் பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. அவன் உடனே அடிக்கவில்லை. காலரைச் சரிசெய்தான். இடைவாரின் இரு நுனிகளையும் சமமாக்கினான். பேச்சியின் பிடரியில் ஒரு முடிக்கற்றை அவிழ்ந்து கிடந்தது. அது அசையாதவரை அவளுக்கு உயிர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கத்திய ஒலியில் என் மேசையிலிருந்த தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. முஷ்டி பிடரிக்கு ஒரு நூல் இடைவெளியில் வந்து நின்றது. மாஸ்டரின் பயிற்சிக் கூடத்தில் தோலைத் தொட அனுமதி இல்லை. முடிக்கற்றை மட்டும் அசைந்தது. பேச்சி நின்றுகொண்டிருந்தாள்.

அடி சுத்தமாக இருந்தது. நிற்கும் நிலை, மூச்சு, கட்டுப்பாடு, எதிலும் குறையில்லை. கொடியை அவன் பக்கம் உயர்த்தினேன். குணரத்தினமும் உயர்த்தினார். திரையில் பேச்சியின் பெயர் நீங்கி 9 என்று வந்தது. இறுதிச் சுற்றுக்கு அவன் தேர்வானான். ஏற்கெனவே தாமதம் ஆகியிருந்ததால் இறுதிச் சுற்று உடனே தொடங்கியது.

அவன் நடுவே போய் நின்று கான்கு டாய் என்று அறிவித்தான். அவன் தன் தாளில் எழுதிக் கொடுத்ததும் அதுதான்.

எட்டுப் பேரும் தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து தத்தம் திசையில் நின்றார்கள். ஒன்பதாம் இடம் காலியாக இருந்தது. காலி இடத்துக்கு எவர் மிக அருகில் இருக்கிறாரோ அவரே அங்கே நிற்க வேண்டும்; அன்று மட்டுமல்ல, அந்தக் கட்டா பயிலப்படும் காலமெல்லாம். குணரத்தினம் அளவு நாடாவை எடுத்துவரச் சொன்னார். பேச்சி அந்த இடத்துக்கு நான்கு அடி தொலைவில் இருந்தாள். என் நாற்காலி ஐந்து அடி.

ஹபீபா நாடாவைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து, நாற்காலியை இரண்டு அடி முன்னுக்கு இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அளந்தார்கள். என் பெயரை எழுதிக்கொண்டார்கள். மூக்குக் கண்ணாடியை ஹபீபாவிடம் கொடுத்தேன். செருப்பை விரிப்புக்கு வெளியே சேர்த்து வைத்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய், வலது கை முஷ்டியை இடுப்பில் மடக்கி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"பாவூர்சத்திரத்துல காலைல அஞ்சரைக்கு மேடம்" என்றான் அவன், திரும்பாமல். "தண்ணி பாட்டில் கொண்டாந்திருங்க."

சரி என்றேன். முதலாமவன் தாக்கத் தொடங்கினான். பேச்சி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நடந்து வெளியே போனாள்.