நாற்பது வெள்ளி வீடு

பினாங்கிலிருந்து வரும் கடிதத்தை ஜெயினம்பு ஒருமுறைகூடத் தன் கையில் வாங்கியதில்லை. தபால்காரர் சிம்மக்கல் கடைவீதியிலேயே அதைப் பாதுஷாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பாதுஷா அவள் கணவன் ஜலீலுக்கு அண்ணன். கயிறும் சாக்கும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது கடிதத்தைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே சந்துக்குள் நுழைவார். அதைப் பார்த்துவிட்டு நாலு வீட்டுக்காரர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். மாமியார் ஷரீபா கட்டிலில் எழுந்து உட்காருவாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஜெயினம்பு அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நிற்பாள். மகள் சாதிகா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கடிதத்தில் புதிதாக ஒன்றும் இருக்காது. தாயாருக்கு ஸலாம், அண்ணனுக்கு ஸலாம், பெயர் பெயராகச் சொந்தக்காரர்களுக்கு ஸலாம். 'இவ்விடம் நான் சுகம். பதினைந்து வெள்ளி அனுப்பியிருக்கிறேன்.' கடைசி வரியில், 'சாதிகாவின் தாயாருக்கும் ஸலாம்.' அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவள் அவ்வளவு நேரமும் நிற்பது.

பாதுஷாவுக்கோ கடிதம் முடிந்த பிறகுதான் களை கட்டும். "அந்த ஊரு வெள்ளி ஒண்ணுக்கு ஒரு ரூபா ஒம்பதணா. தம்பிக்கு மாசம் நாப்பது வெள்ளி. எம்புட்டு ஆச்சு? அறுபத்திரண்டரை ரூபா! நம்ம தெருவுல யாருக்கு இருக்கு அறுபத்திரண்டரை?"

"கலெக்டர் கச்சேரி குமாஸ்தாவுக்கே முப்பதுதான்ணே" என்று பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பார். அந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் அதே முற்றத்தில் அதே குரலில் நடக்கும். அலுக்கவே அலுக்காது.

ஜலீல் கப்பலேறியது முப்பத்திரண்டாம் வருஷம். அவர் வேலை பார்த்த ஜவுளிக்கடை மூடிப்போயிற்று. சாதிகாவுக்கு அப்போது ஆறு மாசம். பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற கடையில் எழுத்து வேலை. கோட்டும் பூட்ஸும் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். அதைச் சொல்லியே ஷரீபா ஒரு வருஷம் பூரித்துப்போனாள். சாதிகாவுக்கு அத்தா என்றால் பெரியத்தா கையில் இருக்கிற காகிதம். "அத்தா வந்துட்டாக" என்று கடிதத்தைப் பார்த்துக் கத்துவாள்.

அறுபத்திரண்டரை ரூபாய் வீட்டுக்கு வந்ததில்லை. வந்தது இருபத்துமூன்றும் சில்லறையும். ஆனால் ஊர் அந்த வீட்டை அறுபத்திரண்டரை ரூபாய் வீடாகவே நடத்தியது. பள்ளிவாசல் சந்தாவை அவர்களுக்கு மட்டும் இரண்டு மடங்காக்கினார்கள். கல்யாண வீடுகளில் பாதுஷா மற்றவர்களைப் போல ஒரு ரூபாய் மொய் வைத்தால் சிரிப்பார்கள் என்று மூன்று ரூபாய் வைத்தார். சமயநல்லூரிலிருந்து கீரைக்கூடை சுமந்து வரும் சீனியம்மாளுக்குக்கூட விஷயம் தெரிந்திருந்தது.

"அடுத்த வீட்டுல காலணாவுக்கு ரெண்டு கட்டு குடுத்தியே, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணு?" என்று ஜெயினம்பு கேட்டால், சீனியம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே சொல்வாள்: "பினாங்கு வீட்டுக்காரக காலணாவுக்குப் பேரம் பேசலாமாத்தா? ஒங்க மாப்பிள்ள அங்கிட்டு வெள்ளியா அள்ளுறாராம்ல!"

"அள்ளுறத நீ பாத்தியா?"

"நான் எங்கிட்டுப் பாத்தேன். பெரியவுக சொல்றாகள்ல."

இருபத்துமூன்று ரூபாய் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். அப்போதெல்லாம் அவளுக்கு ஒரு நினைவு ஊசி மாதிரி ஏறும். நாற்பதில் பதினைந்து இங்கே வந்தால், மிச்சம் இருபத்தைந்து வெள்ளி. ரூபாயாக்கினால் முப்பத்தொன்பது. ஒற்றை ஆள் மாதம் முப்பத்தொன்பது ரூபாயை என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்வியை அவள் வெளியே கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள். ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி, "அக்கரைக்குப் போன ஆம்பள அம்புட்டுக் காசையும் தின்னே தீக்கிறாகளாக்கும்? அங்க ஒரு அடுப்பு எரியுதுடி" என்றாள். குடம் பாதி நிறைந்திருந்தது. ஜெயினம்பு அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

முப்பத்தாறாம் வருஷம் முத்துக்கருப்பன் வந்தார். மேற்கே இருந்து வந்து சிம்மக்கல்லில் பருப்பு மொத்தவியாபாரம் செய்தவர். பாதுஷாவிடம் சாக்கு வாங்குவார். ஒருநாள் வீட்டு வாசலிலேயே பேச்சை எடுத்தார்.

"பாதுஷாண்ணே, ஒங்க தம்பி மாதிரி இங்கிலீசு எழுதத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும். ரயில்வேக்கும் பம்பாய்க்கும் கடுதாசி போட்டு மாளல. பதினெட்டு ரூவா தாரேன். அவரே வந்தாலும் சரிதான்."

பாதுஷா தொடையில் தட்டிச் சிரித்தார். "அறுபத்திரண்டரையை விட்டுட்டுப் பதினெட்டுக்கு வருவானா? முத்துக்கருப்பா, நல்லாக் கேட்டே போ!"

முத்துக்கருப்பனும் சிரித்துவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நின்ற ஜெயினம்பு சிரிக்கவில்லை. பதினெட்டு ரூபாய். ஆனால் ஆள் இருப்பார். சாயங்காலமானால் வீட்டுக்கு வருவார்.

இதை ஜலீலிடம் எப்படிக் கேட்பது? வீட்டிலிருந்து போகும் கடிதங்களை எழுதுவதும் பாதுஷாதான். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் பல முஸ்லிம் பெண்களைப் போல அவளும் அரபுத் தமிழ் எழுதுவாள். பேசுவது தமிழ், எழுத்து மட்டும் அரபு. குர்ஆன் ஓதக் கற்ற வீட்டிலேயே அதையும் கற்றிருந்தாள். ஜலீலுக்கும் அது வாசிக்க வரும்.

அந்த மாதம் வில்லாபுரத்து உமர் பாரூக் லீவு முடிந்து பினாங்கு திரும்புவதாக இருந்தார். ஜலீலோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர். போகிறவர் கையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டின் கொடுத்துவிடுவது வழக்கம். ஜெயினம்பு முறுக்குச் சுட்டாள். டின்னின் அடியில் எண்ணெய் இறங்காமலிருக்கக் காகிதம் போடுவார்கள். அவள் போட்ட காகிதத்தில் எழுத்து இருந்தது.

'உங்களுக்கு அங்கே என்ன செலவு? அங்கே வேறு வீடு இருக்கிறதா? இருந்தால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் முத்துக்கருப்பன் கடையில் பதினெட்டு ரூபாய் வேலை இருக்கிறது. வந்துவிடுங்கள்.'

அதன்மேல் முறுக்கை அடுக்கி மூடி போட்டாள். முறுக்குத் தீர்ந்தால் கடிதம் தெரியும். பத்து நாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பாதுஷா வாசித்தார். ஸலாம்கள் முடிந்தன. பிறகு: 'சாதிகாவின் தாயார் அனுப்பிய பாதுகாப்புக் கிடைத்தது. உயிருள்ளவரை அதைக் கழற்றமாட்டேன்.'

"என்னம்மா பாதுகாப்பு அனுப்புன?" என்றார் பாதுஷா.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "முறுக்குத்தான் அனுப்பினேன், பெரிய மச்சான்."

"முறுக்கக் கழட்டமாட்டானாம்ல!" முற்றமே சிரித்தது. ஷரீபாகூடப் பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயினம்பு அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே திரும்பிக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் இல்லை. வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேறு வீடு இல்லை என்று எழுதக்கூட வரவில்லையா அவருக்கு?

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. ஒவ்வொரு கடிதத்திலும் ஸலாம், சுகம், பதினைந்து வெள்ளி. முத்துக்கருப்பன் வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவள் கடைசி வரிக்காக நிலையில் நிற்பதை விட்டுவிட்டாள். பாதுஷா வாசிக்கும்போது உரலில் எதையாவது போட்டு இடித்தாள். இல்லாவிட்டால் தண்ணீருக்குப் போனாள். தாங்கிக்கொள்வேன் என்று எழுதியது எளிதாக இருந்தது. தாங்குவது அப்படி இல்லை.

முப்பத்தேழு பங்குனியில், வைகையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் நாளில், அவள் குடத்தோடு சந்துக்குள் திரும்பினாள். வாசலில் ஒரு தகரப்பெட்டி. பக்கத்தில் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாதிகா கதவுக்குப் பின்னால் நின்று, "யாரு வேணும்? பெரியத்தா கடையில இருக்காக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பினார். ஜெயினம்புவின் இடுப்பிலிருந்து குடம் நழுவவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் இறக்கி வைத்துவிட்டுத்தான் அழுதாள்.

சபர் என்று அக்கரைப் பயணம் போய்த் திரும்பியவரின் பெட்டியைச் சொந்தக்காரர்களுக்கு முன்னால் திறப்பது வழக்கம். ஆளுக்கொரு கைலி, அத்தர், குடை என்று வெளியே வரும். அன்று மாலை முற்றம் நிறைந்துவிட்டது. ஜலீல் பெட்டியைத் திறந்தார். தாய்க்கு ஒரு சால்வை. சாதிகாவுக்கு ஒரு பொம்மை. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவர் உடுத்திப் பழசான துணி.

"பெரிய பெட்டி பின்னால கப்பல்ல வருதாக்கும்?" என்றார் ஒருவர்.

"இல்லண்ணே. இம்புட்டுத்தான் பெட்டி. நான் திரும்பிப் போகல."

பாதுஷாவின் முகம் சுண்டிவிட்டது. "என்னடா சொல்ற? அறுபத்திரண்டரை ரூபாயடா!"

ஜலீல் சட்டைக் கையை மேலே சுருட்டினார். புஜத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு செம்புக் கூடு கட்டியிருந்தது, ஓதி எழுதிய தாயத்தாகத் தாவீஸ் கட்டுவார்களே, அதுபோல. அதை அவிழ்த்து, உள்ளிருந்து சுருட்டிய காகிதத்தை எடுத்து, கூட்டத்தைத் தாண்டி அடுப்பங்கரைக்கு வந்து ஜெயினம்புவின் கையில் கொடுத்தார். எண்ணெய்க் கறை பட்ட அவளுடைய காகிதம்.

நடந்ததை அன்றிரவு சோறு போடும்போது சொன்னார். பினாங்குத் துறைமுகத்தில் சோதனைக்காரன் டின்னைக் கவிழ்த்துவிட்டான். முறுக்கோடு காகிதமும் விழுந்தது. உமர் பாரூக் அரபு எழுத்தைப் பார்த்ததும் பதறிப்போய்த் தரையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை கால் முகம் கழுவி ஒளு எடுக்காமல் வாசிக்கக் கூடாதே என்று ஒரு எழுத்தும் பார்க்கவில்லை, கைக்குட்டையில் சுற்றினார். வீட்டில் மார்க்கம் படித்த ஆலிமிடம் எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறார்கள் என்றே நம்பி, தன் காசில் செம்புக் கூடு வாங்கி அடைத்து, வாயை ஈயத்தால் பற்றவைத்துக் கொண்டுவந்தார். "மாப்ள, ஒங்க வீட்டுல ஓதி எழுதி அனுப்பியிருக்காக. கழட்டிராதீக" என்று தன் கையாலேயே கட்டிவிட்டார்.

"அப்புறம்?"

"பத்து மாசம் கட்டியிருந்தேன். குளிச்சுக் குளிச்சுப் பத்துன இடம் விட்டுப்போச்சு. தண்ணி எறங்குனா எழுத்து கரைஞ்சுருமேன்னு உமர்தான் பயந்தாரு. ஒளு எடுத்துட்டு வந்து பிரிச்சோம். அவரு முதல் வரிய சத்தமா ஓத ஆரம்பிச்சாரு பாரு, 'உங்களுக்கு அங்கே என்ன செலவு'ன்னு..." ஜலீல் சிரிக்க முயன்றார். முடியவில்லை. "அம்புட்டு நாளும் ஒன் கேள்வியைக் கையில கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

காகிதத்தின் பின்பக்கம் அவர் அரபுத் தமிழில் பதில் எழுதியிருந்தார். விளக்கை இழுத்து வைத்து அவள் வாசித்தாள். 'சாப்பாடு பதினொரு வெள்ளி. அறை வாடகையில் என் பங்கு நாலு. கோட்டும் சட்டையும் வெளுக்க இரண்டு. வெளுக்காமல் போனால் வேலை இல்லை. பூட்ஸ் கடன் இரண்டு. க்ஷவரம், சவுக்காரம், சங்கச் சந்தா எல்லாம் இரண்டு. மிச்சம் நாலு வெள்ளியைக் கப்பல் சீட்டுக்காகச் சேர்த்தேன். காய்ச்சல் வந்தால் அதுவும் போகும். இங்கே நாற்பது வெள்ளிக்காரன் ஏழை. இதை அண்ணன் வாசிக்கும் கடிதத்தில் எழுத எனக்கு வெட்கம். வேறு வீடு இல்லை.'

கடைசி வரியை அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

"பதினெட்டு ரூபா வேலை போயிருச்சே" என்றாள்.

"காலையில போய்க் கேக்குறேன்."

முத்துக்கருப்பன் ஏற்கெனவே வைத்த ஆளை விரட்ட மனமில்லாமல் பதினைந்து ரூபாய்க்கு இன்னொரு இடம் உண்டாக்கினார். பாதுஷா ஆறு மாதம் தம்பியோடு சரியாகப் பேசவில்லை. கணக்குப் போட ஒன்றுமில்லாமல் அவர் மதியங்கள் வெறிச்சோடிப் போயின, பாவம். கல்யாண வீடுகளில் மறுபடியும் ஒரு ரூபாய் வைத்தார்கள். சீனியம்மாள் ஒருநாள் வாசலில் கூடையை இறக்கி, கேட்காமலே இரண்டு கட்டுக் கீரையை எடுத்துப் போட்டாள்.

"என்ன, விலை எறங்கிருச்சு?"

"பதினஞ்சு ரூவாக்காரக வீட்டுல போயி அநியாயம் பண்ணலாமாத்தா?"

கடையிலிருந்து வீட்டுக்கு எழுநூற்றுப் பத்து அடி. சாதிகா அத்தாவின் விரலைப் பிடித்து நடந்து எண்ணிவைத்திருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சந்துமுனையில் அவர் இருமல் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஜெயினம்பு உலையிலிருந்து அரிசியை எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். இப்படி எட்டு வருஷம். அதற்குள் சண்டை வந்து, அரிசிக்கு அட்டை வந்து, பதினைந்து ரூபாய் இருபத்திரண்டாகி, அதுவும் போதாமல் போன நாட்கள் உண்டு. நாற்பத்தைந்தில் பத்து நாள் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், "பினாங்குலயே இருந்திருந்தா கையில நாலு காசு நின்னிருக்கும்" என்றார். பாதுஷாதான் அவரைக் கையமர்த்தினார்.

இப்போது அந்தக் காகிதத்தோடு அந்தச் செம்புக் கூடு ஜெயினம்புவின் கையில் கட்டியிருக்கிறது. சாதிகாவின் குழந்தைகளுக்கு உடம்பு சுட்டால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைக் கேட்டு வாங்கி நெற்றியில் வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல ஆலிம் எழுதியது போலிருக்கிறது என்கிறார்கள். அவள் காய்ச்சல் இறங்கியதும் ஞாபகமாகத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.