ஒரே இடத்தில் மாறும் நிறம்

டெல்சி ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் துடைத்துவிட்டுத் துணியைப் பார்த்தாள். துணி நனையவே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் முதல் விடிகாலை வரை கால் மணி நேரத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொண்டேதான் இருந்தாள். உள்ளே குளிர், வெளியே சித்திரை மாதத்துப் புழுக்கம். கண்ணாடி வியர்த்து வியர்த்து அப்பாவின் முகத்தை மறைத்தது. வருகிறவர்கள் முகம் பார்க்க வேண்டுமே. இப்போது காலை ஆறே முக்கால். கண்ணாடி காய்ந்து கிடந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வீட்டுச் சுவரைத் தொட்டது போல இருந்தது.

பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த விளக்குப் பட்டையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமாகி, நீலம் பச்சையாகி, கிறிஸ்துமஸ் வந்துவிட்டது போல ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கூத்துக்கு நடுவில், கால்மாட்டில், பயறு அளவுக்கு ஓர் ஒற்றை விளக்கு. பெட்டியை இறக்கி வைத்த ஷைஜு அதைக் காட்டித்தான் சொல்லிவிட்டுப் போனான்.

"பச்ச எரிஞ்சா குளிரு ஓடுது. செவப்பு எரிஞ்சா நின்னு போச்சு. இத மட்டும் ஒரு ஆளு பாத்துக்கிடணும், அக்கா."

சிவப்பு எரிந்தது.

நேற்று மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் கை கழுவப் போனவர் அப்பா, ஞானதாசன் வாத்தியார். திறந்த குழாய் திறந்தபடி இருக்க, அப்படியே சரிந்துவிட்டார். மகன் பிரபின் தோகாவில். போனில் அழக்கூட இல்லை அவன். "மூணு வருஷமாச்சு டெல்சி. அப்பாக்க மொகத்த நான் பாக்கணும். அது ஒண்ணு மட்டும் செஞ்சு தா," என்றான். விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கி அவன் வீடு வந்து சேர மத்தியானம் இரண்டு மணி ஆகும். நாலு மணிக்கு அடக்கம்.

கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் செல்வதாஸ் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவின் ஒரே தம்பி. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நேற்று அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார். விடிகாலை ஐந்தரைக்கு டெல்சி கட்டன் சாயா கொண்டு கொடுத்தபோதுகூட, "வெளக்கு நல்லா எரியுது மக்கா. ஒண்ணும் கொழப்பமில்ல. நீ போயி கொஞ்சம் கெட," என்றார். அவளும் போய்க் கொஞ்சம் படுத்தாள்.

அதற்கு முன்பே ஐந்து மணிக்குக் கறண்டு போய்ப் பத்து நிமிடத்தில் வந்தது டெல்சிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. மின்விசிறி நின்று மறுபடி சுற்றியது. பெட்டி மறுபடி ஓடவில்லை.

"சித்தப்பா, இது எப்பத்திலேருந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அவருடைய கண்களில் தூக்கத்தின் சாயலே இல்லை.

ஷைஜுவை அழைத்தாள். அவன் குலசேகரத்தில் வேறொரு வீட்டில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். "ஒண்ணர மணிக்கூறு ஆவும் அக்கா, வழி முழுக்க ரோடு வெட்டிப் போட்டிருக்கு."

"நீ பைய வா. நான் தொறக்கியேன்."

"ஐயோ, அக்காக்கு இதெல்லாம் தெரியுமா?"

"இதுதான் தெரியும்."

அவள் சொன்னது பெருமைக்கு இல்லை. டெல்சிக்கு வேலை பெங்களூரில், லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். 'எனக்க மவ கம்ப்யூட்டருக்கு ஒடம்பு செய்யியா' என்று அப்பா சந்தையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். உண்மைதான். கம்ப்யூட்டரின் கூட்டை வடிவமைப்பதும் அதில் ஓடும் விளக்குகளை ஒழுங்கு செய்வதும்தான் அவள் வேலை. இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கடைக்கு வரப்போகிற ஒரு கூட்டைத்தான் இப்போது செய்துகொண்டிருந்தார்கள். அதில் பொத்தான் கிடையாது. தனித்தனி விளக்கும் கிடையாது. கூடு முழுவதும் ஒரே தோல், அந்தத் தோலே நிறம் மாறும். சும்மா இருக்கும்போது பச்சை, சூடு ஏறினால் சிவப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் வாய் பிளந்தார்கள், ஒருவரைத் தவிர.

அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறந்ததிலிருந்தே அப்படி. வாலிபத்தில் ரயில்வே வேலைக்குப் போய்க் கண் பரிசோதனையில் திரும்பி வந்தவர்தான் கணக்கு வாத்தியார் ஆனார். விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவில் நூல் சுற்றி வைத்திருப்பார், தடவிப் பார்த்து எடுக்க. போன மாதம் டெல்சி மாதிரிக் கூட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிறம் மாற்றிக் காட்டியபோது, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"மண்ணு நெறமா இருக்கு."

"இப்பம் பாருங்க."

"இப்பமும் மண்ணு நெறம்தான். ரோட்டுல உள்ள சிக்னலு நமக்குத் தெரியும், மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. இது ஒரே எடத்துல இருந்துக்கிட்டு நெறம் மாறுனா நான் எத வச்சுக் கண்டுபிடிக்க?"

அன்று ராத்திரியே அவள் அதற்கு ஒரு துடிப்பு வைத்தாள். நன்றாக ஓடினால் ஒளி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நின்றால் அணைந்துவிடும். காலையில் அப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "இது தெரியுது மக்கா. இதுக்குக் கண்ணு வேண்டாம், பொறும இருந்தா போரும்," என்றார்.

கம்பெனியில் அந்தத் துடிப்பை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். பார்ப்பவர் கவனத்தைக் கலைக்கிறதாம். நிறம் போதுமாம். இன்று மாலைக்குள் அவள் சம்மதம் சொல்ல வேண்டும், கூட்டுக்கு அச்சு வார்க்கப் போகிறார்கள். நேற்றிலிருந்து அந்தச் செய்தி பதில் இல்லாமல் போனில் கிடந்தது.

டெல்சி அப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் முட்டி போட்டாள். சாவு வீட்டில் ஒரு பெண் திருப்புளியோடு உட்கார்ந்தால் சும்மா இருப்பார்களா? பக்கத்து வீட்டு நேசம்மாள் முதல் ஆளாக வந்துவிட்டாள்.

"ஏட்டி, என்ன வேல பாக்கிய? ஆளு கெடக்கிய பெட்டியில கறண்டு வேலையா? ஆம்பிளையள் ஆருமில்லியா இஞ்ச?"

"இருக்காங்க மாமி. அவியளுக்குத் தெரியாது."

"கொள்ளாம். தகப்பன் செத்துக் கெடக்கியாரு, இவளுக்கு வாயப் பாரு."

தலைமாட்டில் பாட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்த அம்மா ஜெபமணி தலை நிமிரவில்லை. "அவ செய்யட்டு, நேசம்," என்றாள். நேசம்மாள் ஓரடி தள்ளி நின்றாள்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் குறை தெரிந்துவிட்டது. அழகுக்காக யாரோ பிற்பாடு ஒட்டிய விளக்குப் பட்டையை, பெட்டியின் மூளைக்குப் போகிற சின்ன மின்வழியிலேயே சேர்த்து முறுக்கியிருந்தார்கள். கறண்டு திரும்பி வந்தபோது பட்டை அதை முழுக்கக் குடித்துவிட்டது. குளிர் மோட்டாரைக் கிளப்பச் சொல்ல மூளைக்குத் தெம்பில்லை. டெல்சி பிளக்கை உருவினாள். பட்டையின் கம்பியை வெட்டினாள். நுனிகளில் டேப் சுற்றினாள். மறுபடி பிளக்கைச் செருகி, விரல்விட்டு எண்ணினாள். எழுபதுக்குமேல் எண்ணியபோது பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கி உறுமத் தொடங்கியது.

கலர் எல்லாம் அணைந்திருந்தது. கால்மாட்டில் ஒற்றைப் பச்சை.

டெல்சி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நேற்றுப் பார்த்த அதே முகம். இடது புருவத்தில் எப்போதும் நிமிர்ந்து நிற்கிற அந்த ஒற்றை மயிர் இப்போதும் நிமிர்ந்துதான் நின்றது. குளிர் நின்று இரண்டு மணி நேரம்தான். தப்பித்தது.

மூச்சு வந்ததும் நேசம்மாளுக்குப் பேச்சும் வந்தது.

"அப்பம் ராத்திரி முழுக்க இஞ்ச குத்தவச்சு இருந்தது ஆரு? செல்வதாசு, உம்ம கிட்டதான பாக்கச் சொன்னாங்க? செவப்பு எரியது கண்ணுக்குத் தெரியல்லியா? இந்தக் கண்ண வச்சா முப்பது வருஷம் பஸ்ஸு ஓட்டுனீரு?"

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணசந்துட்டேன்," என்றார்.

கூடப்பிறந்தவன் பக்கத்தில் தூங்கிவிட்டேன் என்று ஒரு மனுஷன் தன் வாயாலேயே சொல்ல வேண்டுமானால், அதைவிடப் பெரியதாக எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்? டெல்சிக்கு ஐந்தரை மணிச் சாயா ஞாபகம் வந்தது. விளக்கை நேராகப் பார்த்துக்கொண்டுதான் நல்லா எரியுது என்றார். எரியத்தான் செய்தது.

அவள் எழுந்து நின்றாள். "சித்தப்பா ஒறங்கல்ல, மாமி. நான் அஞ்சரைக்கு வந்தப்பம் முழிச்சுதான் இருந்தாங்க. வெளக்கு செஞ்சவனுக்கதான் தப்பு. ஒரே வெளக்கு ரெண்டு நெறம் காட்டுனா ஆருக்கும் பிடி கிட்டாது. எனக்கு அதுதான் தொழிலு, நான் சொல்லியேன்."

தொழில் என்று சொன்னதும் நேசம்மாள் கொஞ்சம் அடங்கினாள். "என்னவோ, காலத்துக்க கோலம்," என்று அடுக்களைப் பக்கம் போனாள்.

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சித்தப்பா முகம் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடித்த பிறகும் கழுவினார். டெல்சி துவாலையை நீட்டினாள்.

"எனக்க அண்ணன் ஒனக்குச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்ல. அப்பா அவருக்க கதைய மட்டும்தான் சொல்லியிருக்காரு."

"பன்னிரெண்டு. எட்டு. ஆறு. இருபத்தொம்பது. அம்பத்தேழு." சித்தப்பா துவாலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னார். "கண்ணு டெஸ்டுல புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகம் காட்டுவான். அதுக்குள்ள நம்பரு இருக்குமாம். எனக்கு ஒரு எழவும் தெரியாது. அண்ணன் அதுலதான் தோத்தாரு. நான் டிரைவர் வேலைக்குப் போறப்பம் அவரு கண்ணாடிக் கடைக்காரன் ஒருத்தன பிடிச்சு, அந்தப் புஸ்தகத்த வரிசையா வாசிக்கச் சொல்லி எழுதிட்டு வந்தாரு. ஒரு மாசம் ரோட்டுல நடக்க வச்சு, சங்கீதம் படிக்கியது மாதிரி படிக்க வச்சாரு. அவருக்குக் கிட்டாத வேல எனக்குக் கிட்டட்டுன்னு."

"சித்திக்குத் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு பேருக்குத்தான் தெரியும்." கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். "இப்பம் ஒருத்தன்."

"இல்ல சித்தப்பா. இப்பமும் ரெண்டு பேருதான்."

அவர் துவாலையை மடித்தார். அதையே பிரித்து மறுபடி மடித்தார்.

ஷைஜு வந்து சேர்ந்தபோது எட்டரை. வெட்டின கம்பியைப் பார்த்து முகம் வாடினான். "கலியாண மண்டபத்துல மிச்சம் வந்த பட்ட அக்கா. நல்ல ஐட்டம். ஆளுவளுக்குக் கலர் மாறுயதுதான் இஷ்டம்."

"மாறட்டு. ஆனா அதுக்குத் தனி அடாப்டர் வேணும். வண்டியில கெடக்கா? ரிலே இருக்கா?"

இருந்தது. குளிர் ஓடினால் மட்டும் பட்டை எரிய வேண்டும், நின்றால் பட்டை முழுவதும் அணைந்துவிட வேண்டும். அவள் சொல்லச் சொல்ல அவன் கம்பி பிடித்தான். அரை மணி நேரத்தில் முடிந்தது. ரிமோட்டை வாங்கி வெள்ளை நிறத்துக்கு வைத்தாள். ஒளி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் பொத்தானை அமுக்கினாள்.

"வெறும் வெள்ளையா?" என்றான் ஷைஜு. அப்புறம் இரண்டு தடவை அது ஏறி இறங்குவதைப் பார்த்தான். "ஒரு மரியாத இருக்கு, பாத்தியளா. மத்த ரெண்டு பெட்டிக்கும் இதயே செஞ்சுரலாம்."

டெல்சி சித்தப்பாவைக் கூப்பிட்டாள். "சித்தப்பா, நீங்க இஞ்சயே இருங்க. இது ஏறி எறங்குனா கொழப்பமில்ல. அணஞ்சா என்ன விளிங்க." எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் பிரபின் வந்தான். பையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி பக்கத்தில் நின்றான். கண்ணாடி வியர்த்திருந்தது. டெல்சி துடைத்துக் கொடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஷேவ் பண்ணியிருக்காரா?" என்று கேட்டான்.

"நேத்துக் காலையில."

"ம்." கண்ணாடியில் கன்னத்துக்கு நேராக விரலை வைத்தான். "நல்லா இருக்காரு."

அப்போதுதான் அம்மா முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

மூன்றரைக்குப் போதகர் வந்தார். அப்பாவைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். முற்றத்தில் பாட்டு தொடங்கியபோது டெல்சியின் கையில் போன் அதிர்ந்தது. பெங்களூரிலிருந்துதான். விஷயம் தெரியாமல் மறுபடி கேட்டிருந்தார்கள், நிறம் மட்டும் போதும் என்று உறுதி சொல்ல முடியுமா என்று. வாசல் நிலையில் சாய்ந்து நின்று பதில் அடித்தாள். 'துடிப்பு இருக்கும். அது இல்லாத கூட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை. காரணத்தைத் திங்கட்கிழமை நேரில் சொல்கிறேன்.' அனுப்பிவிட்டுப் போனை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது வெயில் தென்னைக்குக் கீழே இறங்கியிருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டி, உள்ளே ஒருவரும் இல்லாமல், நிறுத்த யாருக்கும் தோன்றாததால் ஓடிக்கொண்டே இருந்தது. ஷைஜு வண்டியை வாசலுக்குப் பின்னோக்கிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சுவிட்சுப் பக்கம் போனான்.

"நீ தள்ளு லே. நான் எடுக்கியேன்," என்றார் சித்தப்பா.

குனிந்து பிளக்கைப் பிடித்தார். உருவவில்லை. பிடித்தபடியே பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை ஒளி பெட்டியைச் சுற்றி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. ஷைஜு ஏதோ சொல்ல வந்தான். டெல்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

ஒளி முழுவதும் ஏறியது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாக, அடி வரைக்கும் இறங்கி வந்தது.

அப்புறம்தான் அவர் பிளக்கை உருவினார்.