ஒரு கைப்பிடி நிலவாகை

ஜெர்மனியில் காலைக்கடன் ஒழுங்காக நடப்பது குத்துக்கல்வலசைக்குக் கிழக்கே இருக்கும் நாற்பது ஏக்கர் வானம் பார்த்த பூமியின் தயவில்தான் என்பது ஆவுடைநாயகத்துக்கு அறுபத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. போலீசில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டி ஏட்டாக ஓய்வு பெற்றவர். இவ்வளவு பெரிய அதிகாரம் தன் வீட்டுக் கொல்லையிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது என்று அத்தனை வருடமும் ஒருத்தரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பூமியில் விளைவது நிலவாகை. வயிற்றை இளக்கும் இலை. பறித்து, நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டி தூத்துக்குடிக்கு அனுப்பினால் கப்பலேறிப் போய் மாத்திரையாகிவிடும். ஓய்வுக்குப் பிறகு ஏட்டையாவும் அதையே பயிர் செய்து, இருபத்தாறு விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகியிருந்தார். இந்த வருடம் ஒரு கன்டெய்னர் நிறைய இலை. ஆனால் குற்றாலத்துச் சாரல் பத்து நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஈரக்காற்றில் இலை உலர நாளாகி, பச்சை கொஞ்சம் மஞ்சளுக்குச் சாய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கொள்முதல் கம்பெனியிலிருந்து மத்தியாஸ் என்கிற ஜெர்மன்காரர் வந்து இறங்கினார். ஆறரை அடி. குடோன் வாசலில் தலை இடிக்காமல் நுழைந்த ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். வாசலைக் கண்டதுமே உட்கார்ந்து நுழைந்தார். கையில் ஒரு அட்டை. அதில் ஒன்று முதல் ஏழு வரை ஏழு விதப் பச்சை. இலையை அட்டைமேல் வைத்துப் பார்த்து, என்னவோ சொன்னார்.

கூட வந்த அனன்யாவுக்குப் பூர்வீகம் தென்காசிதான், வளர்ந்தது சென்னை. ஏற்றுமதி ஆபீசில் மொழிபெயர்ப்பு வேலை.

“அங்கிள், மூணாம் நம்பர் வரைக்கும்தான் முதல் தரமாம். இது அஞ்சாம் நம்பர். பாதி விலைக்குன்னா எடுத்துக்கறாராம். இல்லேன்னா வேண்டாமாம்.”

“நெறத்தப் பாத்தா தரம் பிரிப்பாவ? எங்க டிபார்ட்மென்ட்லயே அது தப்புன்னு சர்க்குலர் வந்துட்டு. உள்ள இருக்க குணத்தப் பாக்கச் சொல்லும்மா.”

“குணம் பாக்கணும்னா ஹாம்பர்க் லேபுக்கு அனுப்பணுமாம். மூணு வாரம் ஆகும். கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்பிடும். வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள லாரி இங்கேருந்து போயாகணும்.”

பாதி விலை என்றால் இருபத்தாறு வீட்டிலும் அடுத்த விதைப்பு கிடையாது. நிலமெல்லாம் பிளாட்டாகி, கல் நட்டுக் கொடி கட்டிவிடுவார்கள். விலை ஹாம்பர்க்கில், தரம் ஹாம்பர்க்கில், அட்டையும் ஹாம்பர்க்கில். இங்கே இருந்தது வெறும் இலைதான்.

ஆனால் ஏட்டையா எத்தனையோ விசாரணை பார்த்தவர். வெறும் வயிற்றில் எவனும் உண்மை பேசமாட்டான் என்பது அவர் கண்ட அனுபவம். அதோடு, சாரல் காலத்தில் வந்த விருந்தாளியை அருவியில் குளிக்கவிடாமல், பார்டர் பரோட்டா வாங்கிக்கொடுக்காமல் திருப்பி அனுப்பினால் அந்தக் குடும்பத்தில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள்.

“பேச்சு பொறவு. முதல்ல சாப்பிடட்டும்” என்றார்.

அன்று மாலை மத்தியாஸ் பதினோரு பரோட்டா சாப்பிட்டார், நாட்டுக்கோழிச் சால்னாவோடு. பதினோராவதை வைக்கும்போது மாஸ்டர் எழுந்து நின்று வைத்தார். புதன்கிழமை காலை உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் நிறுத்தினார்கள். குளித்து வந்த பசிக்குப் பலாப்பழம், நேந்திரங்காய் சிப்ஸ், மறுபடியும் பரோட்டா. குளித்த இடத்தில் அவருடைய சின்னத் தோல்பை ஒன்று வெள்ளத்தோடு போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை லாரி மூட்டை ஏற்றி நின்றது. மத்தியாஸ் வரவில்லை. குற்றாலத்து லாட்ஜில் அறைக்கதவு சாத்தியிருந்தது.

“வேண்டாம்னு முடிவு பண்ணிட்டான் போல” என்றாள் மனைவி சங்கரேஸ்வரி. “மொகத்துக்கு நேரா சொல்லக் கூச்சப்படுதான். தின்ன சோறு தடுக்குதுல்லா.”

அப்போது அனன்யாவிடமிருந்து போன். “அங்கிள், அவர் முடிவெல்லாம் ஒண்ணும் எடுக்கலை. அவருக்கு... செவ்வாய்க்கிழமையிலேருந்து போகலை.”

“எங்க போவல?”

“அங்கிள்!”

ஏட்டையாவுக்கு விளங்கிவிட்டது. மனைவியை பைக்கில் ஏற்றினார். ஏறுவதற்கு முன்னால் லாரியிலிருந்து பதினாலாம் நம்பர் மூட்டையையும் இறக்கி முன்னால் வைத்துக்கொண்டார்.

மத்தியாஸ் கட்டிலில் சுருண்டு கிடந்தார். அருவியோடு போன பையில்தான் அவருடைய மாத்திரை இருந்ததாம்.

“மருந்துக் கடைல கேட்டா தரமாட்டானா?” என்றாள் சங்கரேஸ்வரி.

“அவர் ஊர்க் கம்பெனி மாத்திரை தவிர வேற எதையும் தொடமாட்டாராம் ஆச்சி. கூரியர்ல வர ஒன்பது நாளாகுமாம்.” அனன்யா தன் போனில் அந்த மாத்திரை டப்பாவின் படத்தைக் காட்டினாள். கடுகளவு எழுத்தில் ‘டின்னவேலி’ என்று போட்டிருந்தது. “அப்படின்னா திருநெல்வேலி. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து நம்ம பக்கத்து நிலவாகைக்கு அதான் பேரு.”

ஏட்டையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். இங்கேயிருந்து போன இலை கடல் தாண்டி, மாத்திரையாகி, டப்பாவில் ஏறி, விமானத்தில் குற்றாலம் வந்து அருவியில் குளித்துவிட்டு, சிற்றாறு வழியாக ஊர்ப்பக்கமே போயிருக்கிறது!

“பாப்பா, இவர்ட்ட சொல்லு. மூணு வாரம் வேண்டாம். குணத்த இன்னைக்கே பாத்துருவோம். லேபு இங்கனயே இருக்கு” என்று மத்தியாசின் வயிற்றைக் காட்டினார்.

மத்தியாஸ் யோசித்தார். அதற்குள் வயிறு அவருக்காகப் பதில் சொல்லிவிட்டது.

ஏட்டையா வெள்ளைத்தாள் வாங்கி, போலீஸ் முறைப்படி சாட்சி வைத்து மகஜர் எழுதினார். பதினாலாம் நம்பர் மூட்டை, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பிரிக்கப்பட்டது. அட்டைப்படி நிறம் ஐந்து. மேற்படி இலை மேற்படி நபருக்கு அவர் முழுச் சம்மதத்தின்பேரில் கஷாயமாகக் கொடுக்கப்படும். மத்தியாஸ் படுத்தவாக்கில் கையெழுத்துப் போட்டார்.

சங்கரேஸ்வரி லாட்ஜ் அடுப்படிக்குப் போனாள். அளவு எவ்வளவு என்று மத்தியாஸ் கேட்டனுப்பினார், கிராமில்.

“கிராமா? நம்ம ஆளுக்கு மூணு விரல் அளவு. பதினோரு பரோட்டாவுக்கு ஒரு கைப்பிடி” என்று வளையல் குலுங்க அள்ளிப் போட்டாள். சுக்கு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, சொம்பு நிறையக் கொடுத்தாள்.

குடித்தபோது மணி ஒன்பது.

பன்னிரண்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கு ஒன்றுமில்லை. லாரி டிரைவர் மணிமுத்து ஐந்தாவது தடவையாகப் போன் செய்தான்: “ஏட்டையா, ஆறு மணிக்கு மேல கெளம்புனா தூத்துக்குடில கேட்டு பூட்டிருவான்.” இருபத்தாறு விவசாயிகளும் லாட்ஜ் வராந்தாவில் கூடிவிட்டார்கள். மூன்றரைக்கு ஏட்டையா நாற்காலியை இழுத்து அறைக்கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். கொலைக் கேசில் தீர்ப்புக்கு நின்றபோதுகூட அவர் ஒரு கதவை இப்படிப் பார்த்ததில்லை.

நாலு பன்னிரண்டுக்கு உள்ளே மத்தியாஸ் ஓடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கேட்டதை மெயின் அருவியில் டியூட்டியில் இருந்த கான்ஸ்டபிள் பாண்டிதான் சரியாகச் சொல்லமுடியும். விசிலை ஊதி, குளித்துக்கொண்டிருந்த முந்நூறு பேரையும் கரையேற்றிவிட்டு, பழைய பழக்கத்தில் ஏட்டையாவுக்குப் போன் போட்டான்.

“ஏட்டையா, மலைல மழையே இல்ல. ஆனா வெள்ளம் வார சத்தம் கேக்குது!”

“பயப்படாதலே. அது ஜெர்மனி.”

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பெர்லின் சுவர் இடிந்த அன்று அந்த ஊர்க்காரர்கள் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது மத்தியாசின் முகம். நேராக வந்து சங்கரேஸ்வரிக்கு இரண்டு கையையும் கூப்பினார். நிற அட்டையை எடுத்தார். ஐந்துக்கு நேரே பேனாவால் ‘முதல் தரம்’ என்று எழுதினார்.

வராந்தா அதிர்ந்தது. ஏட்டையா மட்டும் அசையவில்லை.

“முதல் தரமா? யோசிக்கணும். இது எங்க வீட்டுச் செலவுக்கு வச்ச இலை.”

“ஏங்க!” என்று சங்கரேஸ்வரி விலாவில் இடித்தாள்.

“சும்மா இரிட்டி. அங்கன எட்டுக் கோடி பேரு காத்துக் கிடக்கான். நமக்கு என்ன அவசரம்?”

அனன்யா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மத்தியாஸ் வெளிறிப்போனார். முழு விலை, மூன்று வருடத்துக்கு எழுத்தில். இனி நிறத்தை வைத்து மூட்டையைத் தள்ளுவதில்லை. சந்தேகம் வந்தால் சோதனை இங்கேயே, வருகிறவர் வயிற்றிலேயே. ஐந்து ஐம்பதுக்குக் கையெழுத்தானது. லாட்ஜ் வாசலுக்கே வந்து நின்ற லாரி ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் புறப்பட்டது. பின்னால் இருபத்தாறு பேரும் பழைய பேருந்து நிலையம் வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினார்கள். முன்னால் ஓடியது மத்தியாஸ்.

இரண்டு மாதம் கழித்து ஹாம்பர்க்கிலிருந்து கடிதம் வந்தது. அனன்யா போனில் படித்துச் சொன்னாள். அங்கே தொழிற்சாலையில் கிராமை நிறுத்திவிட்டார்களாம். இனி அளவு ‘ஒரு சங்கரேஸ்வரி கைப்பிடி’யாம். ஒரே ஒரு சந்தேகம்.

“வளையல் போட்ட கையா, போடாத கையான்னு கேக்கறாங்க ஆச்சி.”

“வெறுங்கையோட மருந்து அள்ளுவாகளா? என்ன கேள்வி இது! கை நெறய வளையல் போட்டுட்டுத்தான் அள்ளணும்னு சொல்லு.”

அடுத்த கன்டெய்னரில் நிலவாகை மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டி தனியாகப் போனது. ஹாம்பர்க் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நாற்பது பெண்களுக்கு, தென்காசிச் சன்னதி பஜாரில் வாங்கிய கண்ணாடி வளையல், ஆளுக்கு இரண்டு டஜன். பெட்டிக்கு மேல் ஏட்டையா தன் கைப்பட எழுதியிருந்தார்: ‘பச்சை. நம்பர் பார்க்கக் கூடாது.’